மஞ்சுளாவின் கவரைத் திறக்காமல் வைத்திருந்த நாட்கள்

புதிதாகத் தொடர்கதை எழுத வந்திருக்கும் பிள்ளைகளுக்கு வணக்கம். உங்கள் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டு, "வாசகர்களைக் கடைசிவரை பிடித்து வைப்பது எப்படி, பத்து யோசனை சொல்லுங்கள் மேடம்" என்று கேட்டிருந்தீர்கள். பத்தெல்லாம் என்னிடம் இல்லை. முப்பது வருஷம் எழுதியதில் எனக்கு மிஞ்சியது முதுகுவலியும் ஒரு கண்ணில் புரையும்தான். ஆனால் பிடித்து வைக்கிற வித்தை எனக்கு நன்றாகவே வந்தது. வந்ததனால் என்ன ஆயிற்று என்பதை மட்டும் சொல்கிறேன். அவசரமாக இன்றைய பகுதியை அனுப்ப வேண்டியவர்கள் போய் அனுப்புங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சத்தியவேடு பக்கத்துக்காரி. ஐந்தாவது வரை தமிழில் படித்தேன், அதற்குமேல் பள்ளிக்கூடம் தெலுங்கு. கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்தேன். இங்கிருந்தே சென்னை வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர் எழுதினேன். பத்திரிகைகள் மெலிந்துபோன பிறகு, மற்றவர்கள் போன வழியில் நானும் போனில் கதை படிக்கிற ஆப்புக்கு வந்தேன். வாரத்துக்கு ஓர் அத்தியாயம் எழுதிப் பழகிய கைக்குத் தினம் ஒரு பகுதி என்றார்கள். கோழிகூட நடுவில் ஒரு நாள் விட்டுத்தான் முட்டையிடும், நமக்கு அதுவும் கிடையாது.

ஆப்பில் எழுதிய என் கடைசித் தொடரில் மஞ்சுளா என்று ஒருத்தி. திருச்சானூரில் ஒரு லாட்ஜில் வரவேற்பில் உட்காருகிறவள், நாற்பத்து நாலு வயது. குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. பரிசோதனைக்குக் கொடுக்கிறாள். இருபத்தொன்பதாம் பகுதியில் முடிவு ஒரு கவரில் வருகிறது. பிரிக்கப் பயந்து, புடவை அடுக்குக்கு அடியில் வைத்துவிடுகிறாள்.

என் திட்டப்படி முப்பத்திரண்டாம் பகுதியில் அவள் அதைப் பிரித்திருக்க வேண்டும். உள்ளே என்ன என்று முடிவுகூடச் செய்யவில்லை, பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் எழுதியிருப்பேன். கதை வேறு திசையில் போக வேண்டியிருந்தது, கவர் மூன்று நாளுக்கான பரபரப்பு மட்டும்தான். ஆனால் அந்த மூன்று நாளில் படிக்கிறவர்கள் கூட்டம் கூட்டமாக வந்துவிட்டார்கள். சென்னை ஆபீஸில் என் தொடரைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பாசிரியர் போன் செய்தார்.

"மேடம், தயவுசெஞ்சு அந்தக் கவரைத் திறந்துடாதீங்க. கமெண்ட்ல எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. பொங்கல் வாரம் வரைக்கும் இழுங்க."

சரி என்றேன். வயதான காலத்தில் ஒருவர் நம் எழுத்துக்காகக் கெஞ்சினால் மனசு குளிர்ந்துதான் போகிறது. இழுத்தேன். ஒரு நாள் கரண்ட் போனது. ஒரு நாள் விருந்தாளிகள் வந்தார்கள். ஒரு நாள் நாத்தனார் புடவையோடு சேர்த்துக் கவரையும் எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்தாள். ஒரு பகுதியில் எலி வந்து கவரின் ஓரத்தைக் கடித்துவிட்டுப் போனது. உள்ளே என்ன என்று எலிக்குத் தெரிந்துவிட்டது, வாசகர்களுக்குத் தெரியவில்லை. எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் எழுத வந்த புதிதில், வாரப் பத்திரிகை ஒன்றின் உதவி ஆசிரியர் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "தொடர் முடியுற வரைக்கும் கடுதாசியைப் படிக்காதம்மா. படிச்சா அப்புறம் கதையை நீ எழுத மாட்ட, அவங்கதான் எழுதுவாங்க." நல்ல புத்தி. அவர் பேச்சைக் கேட்காமல் ஒரு தடவை கடிதங்களைப் படித்து, சாக வேண்டிய மாமியாரைப் பிழைக்கவைத்து, ஒரு நல்ல தொடரைப் பாழாக்கியிருக்கிறேன். அன்றிலிருந்து அதை விரதம் போலக் காத்தேன். ஆப்புக்கு வந்த பிறகும் கமெண்ட் பக்கத்தைத் திறப்பதே இல்லை. அந்த மனிதர் சொன்ன காலத்தில் கடிதம் வர ஒரு வாரம் ஆகும், பதில் எழுத யாரும் காத்திருக்கவும் மாட்டார்கள். காலம் மாறியது எனக்கு உறைக்கவில்லை.

ஐம்பத்தெட்டாம் பகுதி வெளிவந்த அன்று பொறுப்பாசிரியர் மறுபடி போன் செய்தார்.

"மேடம், ஒருத்தர் தினமும் காலையில அஞ்சரைக்குத் தெலுங்குல ஏதோ போட்டுக்கிட்டே இருக்காங்க. இங்க யாருக்கும் படிக்கத் தெரியல. விளம்பரமா இருக்கும்னு மறைச்சு வச்சிருந்தோம். நிக்கவே மாட்டேங்குது. நீங்க ஆந்திரால இருக்கீங்களே, ஒரு தடவை பாருங்க. வேணாம்னா பிளாக் பண்ணிடறோம்."

படங்களாக எடுத்து அனுப்பினார். எழுத்துதான் தெலுங்கு, பேச்சு நம் பேச்சு. எங்கள் பக்கத்தில் இது சகஜம். வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளிக்கூடத்தில் தெலுங்குதான் எழுதப் படிக்கக் கற்றிருப்பார்கள். என் அக்கா பிள்ளைகள் எனக்கு இப்படித்தான் செய்தி அனுப்புவார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு அது தெரிய நியாயமில்லை. படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். நானோ விரதத்தில் இருந்தேன்.

மொத்தம் இருபத்தேழு. ஒரு நாளுக்கு ஒன்று. முதலாவது இப்படி இருந்தது:

"கத எழுதறவங்களுக்கு நமஸ்காரம். எனக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது, தப்பா நெனைக்காதீங்க. ஆப்ல படிச்சிக் காட்டறத கேப்பேன். மஞ்சுளா அந்தக் கவர எப்போ திறப்பா? எங்கம்மா கேக்கச் சொல்லல, நானே கேக்கறேன்."

ஆறாவது நாள்:

"எங்கம்மாக்கும் மார்ல கட்டி கீது மேடம். சித்தூர்ல டாக்டரு ஸ்கேன் எடுத்து, கவர்ல போட்டுக் குடுத்து, ஒடனே திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவச் சொன்னாரு. மஞ்சுளாக்கு என்னா வருதுன்னு பாத்துட்டுப் போறேன்னு சொல்லிக்கினு கீறாங்க. பைபிள் மேல கைய வெச்சி சத்தியம் பண்ணாங்க, அவ திறந்தா அன்னிக்கே நானும் போவேன்னு."

பதினைந்தாவது நாள்:

"இன்னிக்கு எலி வந்துச்சி. எங்கம்மா எலியத் திட்டிச் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல மேடம்."

கடைசி ஏழு நாளும் ஒரே வரிதான்: "இன்னிக்கும் திறக்கல."

உடனே அந்தப் பெண்ணுக்குத் தெலுங்கு எழுத்திலேயே பதில் போட்டு, என் நம்பரைக் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் கூப்பிட்டாள். பேர் ஜான்சி. ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் போன் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை, சூளூர்பேட்டையில் ஹாஸ்டல். வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். அதனால் காலையில் கம்பெனி பஸ்ஸில் போகும்போது எழுதுவாள். அப்பா இல்லை. அம்மா கிருபை சித்தூரில் ரவிக்கை தைக்கிறவள். பைபிள் வாசித்துப் பழகியதால் தமிழ் நன்றாகப் படிப்பாள்.

"நான் சொன்னா கேக்கமாட்டாங்க மேடம். நான் சின்னப் பொண்ணாம். நீங்க திறந்துடுங்களேன், நாளைக்கே?" என்றாள்.

அது அவ்வளவு லேசா? கவரை இழுக்கச் சொன்ன பிறகு, பொங்கல் வரைக்குமான பகுதிகளை முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துவிட்டார்கள். மூடிய கவரோடு இன்னும் பத்து நாள் கதை ஆபீஸில் வரிசையில் நின்றது. பொறுப்பாசிரியரைக் கூப்பிட்டு, அதையெல்லாம் தூக்கிவிட்டு நாளைக்கே புதிய பகுதி போட வேண்டும் என்றேன்.

"ஆடியோ எல்லாம் பதிவாயிடுச்சு மேடம். மேல கேட்டா ஒத்துக்க மாட்டாங்க. ஒரு வாசகிக்காகக் கதையை மாத்த ஆரம்பிச்சா எங்க போய் நிக்கும், நீங்களே சொல்லுங்க."

அந்த மனிதர் மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. அவருக்கு மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒருவர். அவர் கேட்டதும் நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை, கத்த மட்டும் தெரிந்தது, கத்தினேன்.

கத்தி முடித்த பிறகுதான் இன்னொன்று புரிந்தது. நாளைக்கே திறக்கலாம் என்று அவர்கள் சொல்லியிருந்தாலும், உள்ளே என்ன வைப்பது? ஒன்றுமில்லை என்று எழுதினால், மஞ்சுளாவுக்கே ஒன்றுமில்லை, எனக்கு மட்டும் என்ன வந்துவிடும் என்று கிருபை இருந்துவிடலாம். வியாதி என்று எழுதினால் பயந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம். வியாதி வந்து சரியாகிவிட்டது என்று எழுத நான் யார்? நான் டாக்டரா? முப்பது வருஷத்தில் எத்தனையோ பேரைச் சாகடித்திருக்கிறேன், பிழைக்கவைத்திருக்கிறேன். ஒரு வரி எழுத அப்படிப் பயந்ததில்லை. மூன்று விதமாகவும் எழுதிப் பார்த்து மூன்றையும் அழித்தேன். அந்த வேலையை எழுதித் தீர்க்க முடியாது என்று தெரிந்ததும், ஜான்சிக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், நீயும் வந்துவிடு என்றேன்.

திருப்பதியிலிருந்து சித்தூருக்கு இரண்டு மணி நேர பஸ். சந்திரகிரி தாண்டும்வரை என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். அதற்குமேல் ஒத்திகையும் அலுத்துவிட்டது.

கோயில் ஆராதனை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கிருபைக்கு ஐம்பது இருக்கும். வெள்ளைப் புடவை, நெற்றியில் வியர்வை, ஓயாத வாய்.

"ஸ்தோத்திரம்மா, வாங்க வாங்க. நீங்கதான் எழுதறவங்களா? நான் என்னமோ கண்ணாடி போட்டுக்கினு பெருசா இருப்பீங்கன்னு நெனைச்சேன். தனியாவா வந்தீங்க? மஞ்சுளாவக் கூட்டிக்கினு வந்திருக்கலாமே" என்று சிரித்தாள்.

டீ போட்டாள். தட்டு நிறைய முறுக்கு வைத்து, "துன்னுங்கம்மா, வீட்ல சுட்டது" என்றாள். என் பழைய வாரப் பத்திரிகைத் தொடர்களைக்கூடப் படித்திருந்தாள். எந்தக் கதையில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று எனக்கே ஞாபகமில்லாததைச் சொன்னாள். இவ்வளவு நல்ல வாசகி எனக்கு அமைந்ததில்லை. தையல் மெஷின் பக்கத்தில் ஜான்சி நின்றுகொண்டிருந்தாள்.

அப்புறம் கிருபை தன் முக்காலியை இழுத்து என் அருகில் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"என்கிட்ட மட்டும் சொல்லுங்கம்மா. யாருக்கும் சொல்லமாட்டேன். மஞ்சுளாக்கு ஒண்ணும் இருக்காது இல்ல? ஏமி காதுல்ல?" என்று தெலுங்கிலும் அதையே கேட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"எழுதறவங்களுக்குத் தெரியாதா? வெளையாடறீங்க."

பொய் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. உள்ளே ஒன்றுமில்லை, ஆனாலும் மஞ்சுளா ஆஸ்பத்திரிக்குப் போனாள், நீயும் போ என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? இட்டுக்கட்டுவதுதானே நம் பிழைப்பு. ஆனால் அந்த முகத்தைப் பக்கத்தில் பார்த்த பிறகு இன்னொரு கதை சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"மூணாம் நாளே திறக்கறதாத்தான் இருந்தேன் கிருபை. நிறைய பேர் படிக்கறாங்க, திறக்க வேணாம்னு ஆபீஸ்ல சொன்னாங்க. நானும் சரின்னுட்டேன். உள்ள என்ன இருக்குன்னு நான் இன்னும் முடிவு பண்ணல. அது வெறும் கவர். உள்ள காயிதமே இல்ல."

"வெறும் கவரா?"

"ஆமாம்மா."

சிரிப்பு போய்விட்டது. என்னை ஒரு தடவை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"நான் சபையில ஜெபக் குறிப்பு குடுத்தேன். சகோதரி மஞ்சுளாக்காகன்னு எழுதிக் குடுத்தேன். பாஸ்டர் ஐயா பேரைச் சொல்லி ஜெபம் பண்ணாரு, அத்தன பேரும் ஆமென் சொன்னாங்க. நான் முட்டி போட்டு அழுதேன். வெறும் கவருக்கா?"

கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அவ மொதல்ல பாத்துட்டா, எப்பிடித் தாங்கறான்னு பாத்து நானும் தாங்கிக்கலாம்னு இருந்தேம்மா. நான் ஒருத்தியா பாக்க பயமா இருந்துச்சி. நீங்க அவளுக்கு ஒண்ணுமே வெக்கல." முக்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

"அம்மா!" என்றாள் ஜான்சி.

"நீ சும்மா கெட."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். தெருக்கோடியில் ஆட்டோவுக்கு நின்றபோது ஜான்சி மூச்சு வாங்க ஓடிவந்தாள். அம்மா ஞானப்பாட்டுப் புத்தகத்துக்குள்ளிருந்து தன் கவரை எடுத்து மெஷின் மேல் வைத்துவிட்டாளாம். "நாளைக்கு லீவு சொல்லு, திருப்பதிக்குப் போலாம்" என்றாளாம். இதைச் சொல்லிவிட்டு அவள் நடுத்தெருவில் நின்று அழுதாள். நானும் அழுதேன். ஆட்டோக்காரர் பாவம், இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் தூர நின்றேன். கிருபை என்னைப் பார்த்தாள், கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை. ஆப்பில் மூடிய கவரோடு அந்தப் பத்துப் பகுதிகளும் வந்துகொண்டேயிருந்தன. மஞ்சுளா பொங்கலுக்கு வீடு கழுவிக்கொண்டிருந்த நாளில் கிருபைக்கு முடிவு வந்துவிட்டது. வியாதிதான், அக்குள்வரை போயிருந்தது. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்த டாக்டரம்மா, ஜான்சியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்களாம்.

பதினோராவது நாளைக்கு நான் எழுதிக் கொடுத்தது ஒரு பக்கம்தான். மஞ்சுளா கவரைப் பிரிக்கிறாள், மேற்கொண்டு பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறது, அன்றைக்கே பஸ் ஏறுகிறாள், முற்றும். கமெண்டில் என்னைக் காய்ச்சி எடுத்தார்கள். இத்தனை நாள் காக்கவைத்து இதுதானா, கதை சொல்லத் தெரியாத கிழவி என்றார்கள். அந்தத் தடவை எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன், ஒன்று விடாமல். அதற்குப் பிறகு நான் தொடர் எழுதவில்லை.

உங்களைக் காக்கவைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை பிள்ளைகளே. காத்திருக்க ஒன்றுமில்லாத கதையை யார் படிப்பார்கள்? ஆனால் கவருக்குள் என்ன இருக்கிறது என்று முடிவு பண்ணிவிட்டுப் பிறகு மூடுங்கள். அதைத் திறக்கிற நாளை ஆபீஸ் கையில் கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்குப் புரியாத எழுத்தில் யாராவது தினம் தினம் எதையாவது போட்டுக்கொண்டிருந்தால், தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள். இதற்கு மேல் எனக்கு யோசனை எதுவும் தோன்றவில்லை.

கிருபை ஒரு வருஷமும் சில மாதங்களும் இருந்தாள். ஆபரேஷன், அப்புறம் மருந்து ஏற்றுவது. மூன்றாவது தடவை மருந்து ஏற்ற வந்தபோது அவளே என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். அதிலிருந்து திருப்பதிக்கு வரும்போதெல்லாம் பக்கத்தில் போய் உட்காருவேன். மஞ்சுளாவின் முடிவை அவள் படிக்கவே இல்லை. "அவ கவல அவளோட இருக்கட்டும்" என்பாள். முடி கொட்டிய தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரிக்கு என் பழைய தொடர்களின் கதையைச் சொல்லுவாள். நான் எழுதியதைவிட நன்றாகவே இருக்கும்.

கடைசியாக நான் பார்த்தது சித்தூர் வீட்டில். இனி மருந்து வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த நாட்களுக்காக என்னை மன்னித்துவிடு என்று கேட்டேன். எத்தனை மாதமாக வாய்க்குள் வைத்திருந்தேனோ, வார்த்தை சரியாகக்கூட வரவில்லை.

"அய்ய, இன்னாம்மா இது" என்றாள். "நீங்க மூணாம் நாளே திறந்திருந்தாலும் நான் போயிருக்கமாட்டேன். வேற ஒரு கதையப் புடிச்சிக்கினு குந்திக்கினு இருந்திருப்பேன். என்னப் பத்தி எனக்குத் தெரியாதா? நீங்க மனசுல வெச்சிக்காதீங்க."

சொல்லிவிட்டு என் கையைத் தட்டிக் கொடுத்தாள். கட்டிலின் அந்தப் பக்கம் நின்ற ஜான்சி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நம்பிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் முப்பது வருஷம் இட்டுக்கட்டியே பிழைத்தவள் நான். எனக்காக ஒருத்தி இட்டுக்கட்டிச் சொன்னால் தெரியாமல் போகுமா?